அப்பாவை இழந்த அக்கா பசங்களை, அந்த மாதிரி பசங்களுக்குன்னே நடக்கற சம்மர் கேம்புக்கு அனுப்பலாமா? (அத்தான் யூஎஸ் ஆர்மி)

ஆஸ்டின் சித்தி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவ, இன்னைக்குதான் முதல் தடவையா எழுதறேன், நீளமா போயிடும், பொறுத்துக்கோங்க.

என் அத்தான் (அக்கா வீட்டுக்காரர்) யூஎஸ் ஆர்மில இருந்தார். எம்எஸ் படிக்க வந்தவர், அப்போ மாவ்னின்னு ஒரு ப்ரோக்ராம் இருந்துச்சுல்ல, அவங்களுக்கு தேவையான மொழி தெரிஞ்சா ஸ்டூடண்ட் விசால இருக்கறவங்களையும் சேத்துக்கிட்டாங்க, தமிழும் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு, அதுல சேர்ந்தவர். ஊர்ல ஒருத்தருக்கும் பிடிக்கல, ஆனா அவருக்கு அந்த யூனிஃபார்ம்னா உயிர். போன ஆகஸ்ட்ல ட்ரெயினிங்ல நடந்த ஒரு விபத்துல போயிட்டார். சண்டைல இல்ல. இதுக்கு மேல அதைப் பத்தி எழுத வேண்டாம்னு அக்கா சொல்லியிருக்கா.

பெரியவளுக்கு 13, சின்னவனுக்கு 7. பெரியவ அழுது நான் பாக்கவே இல்ல. வர்ற தபாலை எல்லாம் பிரிச்சு, அம்மா கையெழுத்து போட வேண்டியது தனியா, கிழிச்சு போடறது தனியான்னு அடுக்கி வைக்கறா, பாத்தா எனக்கு பயமா இருக்கு. சின்னவன் காலிங் பெல் அடிச்சா பாத்ரூம்ல போய் தாழ்ப்பாள் போட்டுக்கறான், ஏன்னா அன்னைக்கு சாவுச் சேதி சொல்ல யூனிஃபார்ம்ல ரெண்டு பேர் வந்து நின்னப்போ கதவைத் திறந்தது அவன்தான். அமேசான்காரன் வந்தாலும் இதே கதைதான்.

அதை விட பெருசு ஒண்ணு இருக்கு. முன்னாடி அத்தான் ஒம்பது மாசம் கொரியா போயிட்டு வந்தார். திரும்பி வந்த அன்னைக்கு பேஸ்ல (ஆர்மி முகாம்) கொடி, பேண்டு வாத்தியம், மைக்ல ஒருத்தர் ஏதோ சொன்ன உடனே எல்லா பிள்ளைங்களும் ஓடிப்போய் அப்பா கழுத்தைக் கட்டிக்கிட்டது, அதெல்லாம் அவனுக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. இப்போ பள்ளிக்கூட காலண்டர்ல ஆகஸ்ட்ல இருந்து மாசத்துக்கு ஒரு கோடு போட்டுட்டு வர்றான், மே மாசத்தை வட்டம் போட்டு வச்சிருக்கான். அடக்கத்துக்கு வந்தான், பெட்டியைப் பாத்தான், அந்த முக்கோணமா மடிச்ச கொடியைத் தொட்டுப் பாத்தான், எல்லாம் தெரியும். இருந்தும் வட்டம் போட்டிருக்கான். அக்கா அதைப் பாத்துட்டு என்ன பண்றதுன்னு தெரியாம காலண்டரை அப்படியே விட்டுட்டா.

ஸ்கூல்ல ஒருத்தங்க இந்த மாதிரி பசங்களுக்குன்னே கேம்ப் இருக்குன்னு சொன்னாங்க. அத்தை (அத்தானோட அம்மா) தென்காசில இருந்து வந்திருக்காங்க, அவங்க ஒரே பிடியா "அழறதுக்குன்னு ஒரு கேம்பா? இங்க அழற அழுகை பத்தாதா, பிள்ளையை இன்னும் கிளறிவிடப் போறீங்களா"ன்னு நிக்கறாங்க. அக்கா நடுவுல கெடந்து திண்டாடறா. யாராச்சும் அனுப்பியிருக்கீங்களா? விபத்துல போனவங்க பிள்ளைங்களை சேப்பாங்களா? ஏழு வயசு ரொம்ப சின்ன வயசா?

பழைய சார்ஜென்ட்:

அக்காவுக்கு என் சார்பா ஆறுதல் சொல்லுங்க சிஸ்டர், வேற வார்த்தை வரல.

நான் பத்து வருஷம் ஆர்மில இருந்துட்டு வெளிய வந்தவன். அந்த கேம்ப்ல ரெண்டு தடவை மென்டரா (ஒரு பிள்ளைக்குத் துணையா கூடவே இருக்கறவர்) போயிருக்கேன், அதனால உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். நீங்க கேள்விப்பட்டது அனேகமா டாப்ஸ் நடத்தற குட் க்ரீஃப் கேம்பா இருக்கும். டாப்ஸ்ங்கறது டிராஜடி அசிஸ்டன்ஸ் ப்ரோக்ராம் ஃபார் சர்வைவர்ஸ். அடக்கத்துல பியூகிள்ல 24 ஸ்வரம் வாசிப்பாங்களே, அதுக்கும் பேர் டாப்ஸ்தான், தெரிஞ்சேதான் வச்சிருப்பாங்க.

விபத்துன்னா சேப்பாங்களான்னு கேட்டீங்கல்ல. இதை அக்காகிட்ட கண்டிப்பா சொல்லுங்க. அதை ஆரம்பிச்ச பானி கேரலோட வீட்டுக்காரர் போனதே சண்டைல இல்ல. 1992 நவம்பர்ல அலாஸ்கால ஆர்மி விமானம் ஒண்ணு விழுந்து எட்டு பேர் போனாங்க, அதுல அவரும் ஒருத்தர், பிரிகேடியர் ஜெனரல். இந்தம்மா எங்கயெங்கயோ போய் பாத்துட்டு, கடைசில கூட போனவங்க குடும்பங்களோட உக்காந்து பேசினதுதான் தாங்கிப் பிடிச்சுதுன்னு 1994ல இதை ஆரம்பிச்சாங்க. அதனால சண்டையா, விபத்தா, கேன்சரா, வேற எதுவுமான்னு அங்க யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க. வெளியதான் அந்தப் பிரிவெல்லாம். சண்டைல போனவங்க வீட்டுக்கு ஆர்மி குடுக்கற, சட்டைல குத்திக்கற பேட்ஜ்ல ஊதா பின்னணி, மத்தபடி டியூட்டில இருக்கும்போது போனவங்க வீட்டுக்கு தங்க நிறம். நடுவுல நட்சத்திரம் என்னவோ ஒண்ணுதான். "நாங்க அந்த லிஸ்ட்ல வருவோமா"ன்னு தயங்கித் தயங்கி கேட்டவங்க நிறைய பேரைப் பாத்திருக்கேன், உங்க அக்காவும் அப்படி நினைச்சிருப்பாங்கன்னு தோணுது.

பெரிய கேம்ப் மே கடைசி மெமோரியல் டே (உயிர் விட்ட படைவீரங்களை நினைக்கற நாள்) வீக்கெண்ட்ல, வாஷிங்டன் பக்கம். (பையன் வட்டம் போட்ட அதே மே. கவனிச்சீங்களா?) இது காட்டுக்குள்ள கூடாரம் போடற கேம்ப் இல்ல. ஹோட்டல்ல நடக்கும், பெரியவங்களுக்கு ஒரு பக்கம் தனியா கூட்டம், பிள்ளைங்களுக்கு வயசு வாரியா குரூப், ராத்திரி பிள்ளை அம்மாகிட்டயே வந்துடும். அதனால ஏழு வயசு சின்ன வயசே இல்ல, அதை விடச் சின்னதெல்லாம் வரும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மென்டர், சர்வீஸ்ல இருக்கறவங்க இல்லன்னா என்னை மாதிரி வெளிய வந்தவங்க. பின்னணி எல்லாம் சோதிச்சு, ட்ரெயினிங் குடுத்துதான் விடுவாங்க. அதுல முக்கியமா சொன்னது, நீ டாக்டர் இல்ல, அறிவுரை சொல்லாத, பிள்ளை என்ன பண்ணுதோ கூட இரு, அவ்ளோதான். முதல் வருஷம் எனக்கு வந்த பையனுக்கு ஒம்பது வயசு. ஒன்றரை நாள் ஒரு வார்த்தை பேசல. பந்தைத் தூக்கி என் மேல எறிவான், நான் எடுத்துக் குடுப்பேன், திரும்ப எறிவான். எனக்கு ஈராக்ல கூட இவ்ளோ டென்ஷன் இல்ல சத்தியமா. ரெண்டாம் நாள் சாப்பிடும்போது என் கையைப் பாத்துட்டு "எங்கப்பாவும் வாட்சை உள்பக்கமாதான் கட்டுவார்"னான். அதுக்கப்புறம் வாய் மூடவே இல்ல. யூனிஃபார்ம் போட்ட ஒருத்தர் கெட்ட சேதியைத் தவிர வேற எதுக்காகவும் அவன் முன்னாடி வந்து நிக்கறது அந்த வீட்டுல நடந்து எத்தனை மாசம் ஆகியிருக்கும், யோசிச்சுப் பாருங்க. உங்க பையனோட காலிங் பெல் கதையைப் படிச்ச உடனே அதான் ஞாபகம் வந்துச்சு.

பசங்க எல்லாரும் நெஞ்சுல பெரிய வட்ட பட்டன் மாட்டியிருப்பாங்க, அதுல அவங்க அப்பா, அம்மா, அண்ணன் யாரோ அவங்க போட்டோ. லிஃப்ட்ல ஏறினா யாரும் "உங்கப்பா என்ன பண்றார்"னு கேக்க மாட்டாங்க, பட்டனைப் பாத்துட்டு "உங்கப்பாவா, மீசை சூப்பரா இருக்கே"ம்பாங்க. ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்கும் கூட்டிட்டுப் போவாங்க, அது கொஞ்சம் கனமாதான் இருக்கும், அத்தை சொல்றது அந்த அளவுக்கு சரிதான்.

கோவை மீனா:

நம்மளுது ஆர்மி குடும்பம் இல்லீங்க, எங்க வீட்டுக்காரர் சாஃப்ட்வேர், ஹார்ட் அட்டாக். ஆனா பையனை ரெண்டு கேம்புக்கு அனுப்பியிருக்கேன், அதனால சொல்றேன்.

ஆர்மின்னு இல்லாம பொதுவா துக்கத்துல இருக்கற பசங்களுக்கு கம்ஃபர்ட் ஜோன் கேம்ப் இருக்குதுங்க, வர்ஜீனியால ஆரம்பிச்சது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிக் பட்டி, அதாவது கூடவே இருக்க ஒரு பெரியவங்க. அப்புறம் கேம்ப் எரின், இது நிறைய ஊர்ல நடக்குது, 6 வயசுல இருந்து 17 வரைக்கும், வெள்ளிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை வந்துடலாம். ரெண்டுமே காசு கிடையாது. கேம்ப் எரின்ல ராத்திரி ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விளக்குல போனவங்க பேரு எழுதி, படம் வரைஞ்சு ஏத்துவாங்க. நம்ம ஊர்ல மோட்ச தீபம் ஏத்தறதில்லீங்களா, அத்தைகிட்ட அப்படி சொல்லிப் பாருங்க, சட்டுனு புரிஞ்சுக்குவாங்க. எங்கம்மாவை நான் அப்படித்தான் சரிக்கட்டினேன்.

அழுகைக்குன்னு ஒரு கேம்ப்ங்கறதெல்லாம் தப்புங்க. என் பையன் அங்க இருந்து வந்து முதல்ல சொன்னது மரத்துக்கு மரம் கயித்துல தொங்கிட்டுப் போனதைத்தான். ரெண்டாவது சொன்னது, கூட இருந்த பையனுக்கும் அப்பா இல்லைங்கறதை. மூணாவது ரொம்ப நாள் கழிச்சு காருக்குள்ள, "அம்மா, அங்க சிரிச்சா யாரும் ஒரு மாதிரி பாக்கல". என்னமோ அப்பதான் எனக்கு உறைச்சுது, வீட்டுல இவன் சிரிச்சா நாங்கல்லாம் அவனைத் திரும்பிப் பாத்திருக்கோம்னு.

பெரிய பொண்ணைப் பத்தி யாரும் பேசலையே, எனக்கு அவமேலதாங்க கவலை. தபாலை அடுக்கறதை நிறுத்தச் சொல்லாதீங்க, ஆனா ஒரு நாளாவது அந்த வேலையை அவகிட்ட இருந்து வேற யாராச்சும் வாங்கிக்கோங்க.

தாத்தா ஃப்ரம் டாலஸ்:

தப்பா நினைக்காதீங்கம்மா, எதுக்கு இதெல்லாம். ரெண்டு மாசம் லீவுக்கு பிள்ளைங்களை ஊருக்கு அனுப்புங்க, தாத்தா பாட்டி, சித்தப்பா பெரியப்பா, கூட விளையாட பத்து பசங்க, தானா மறந்துடும். நம்ம காலத்துல கேம்பா இருந்துச்சு?

வேலூர்க்காரன்:

டாலஸ் தாத்தாவுக்கு, மரியாதையோடதான் சொல்றேன், நான் அந்த "நம்ம காலத்து" பையன். எங்க ஊர்ப் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் மிலிட்டரி. எங்கப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல ஹவில்தார், காஷ்மீர்ல 1994ல போனார், எனக்கு பத்து வயசு. சித்தப்பா, பெரியப்பா, பத்து பசங்க எல்லாம் இருந்தாங்க, ஒரு குறையும் இல்ல. பதினாறாம் நாள் காரியத்துல ஒவ்வொருத்தரா வந்து தோள்ல கை வச்சு "இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பள, அம்மாவைப் பாத்துக்கணும், அழக்கூடாது"ன்னுட்டு சாப்பிட்டுட்டுப் போனாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். அன்னைக்கு நிறுத்தினவன், 36 வயசுல என் பொண்ணு பொறந்து கைல குடுத்தப்போதான் அழுதேன், நர்ஸ் பயந்துட்டாங்க.

மறந்தெல்லாம் போகலீங்கய்யா. எங்க வீட்டுல அப்பா பேரையே யாரும் எடுக்க மாட்டாங்க, அம்மா அழுதுடுவாங்கன்னு. அவர் ட்ரங்க் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில இருக்கு, வெள்ளை பெயிண்ட்ல நம்பர் எழுதினது. பென்ஷன் வந்துச்சு, ஸ்கூல் ஃபீஸ் வந்துச்சு, ஆகஸ்ட் 15க்கு அம்மாவைக் கூப்பிட்டு சால்வை போட்டாங்க, அதையெல்லாம் குறை சொல்லல. ஆனா அவர் எப்படி சிரிப்பார்னு எனக்கு சொல்ல ஒரு ஆள் இல்ல. கூட இருந்த ஜவான் யாராவது ஒருத்தர் வந்து உக்காந்து "உங்கப்பா மெஸ்ல உப்பு கம்மின்னா ரகளை பண்ணுவார்டா"ன்னு சொல்லியிருந்தா போதும்.

சித்தி, உங்க அத்தான் யூனிட் ஆளுங்ககிட்ட ஆளுக்கு ஒரு கதை எழுதி வாங்கி வைங்க. இப்பவே வாங்குங்க, மூணு வருஷம் போனா ஆளுக்கொரு மூலைக்குப் போயிடுவாங்க.

(பேர் வேண்டாம்):

ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். என் கணவர் ஆர்மில ரெண்டு டிப்ளாய்மென்ட் (வீட்டை விட்டு தூர டியூட்டி) போயிட்டு வந்தவர். போனது அங்க இல்ல, வீட்டுல, அவரே எடுத்த முடிவு. பசங்ககிட்ட ஹார்ட் அட்டாக்னு சொல்லி வச்சோம், ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் சேர்ந்து எடுத்த தீர்மானம் அது. பெரியவ 11 வயசுல யாரோ பேசினதைக் கேட்டுட்டு என்கிட்ட வந்து நின்னா. அப்பா போனதை விட நான் பொய் சொன்னதுதான் அவளுக்குப் பெருசா போச்சு.

டாப்ஸ்ல இந்த மாதிரி போனவங்க குடும்பங்களுக்குன்னே தனியா ஒரு கூட்டம் நடக்கும், பிள்ளைங்க கேம்பும் கூடவே. அங்கதான் என் பொண்ணு முதல் தடவையா இன்னொரு பொண்ணுகிட்ட அதை வாய் விட்டு சொன்னா. அந்தப் பொண்ணு "எங்கப்பாவும்"னா. அவ்ளோதான் பேச்சு, அப்புறம் ரெண்டு பேரும் போய் கலர் மண்ணை பாட்டில்ல கொட்டிட்டு இருந்தாங்க. இதைப் படிக்கற வேற யாராவது என்னை மாதிரி ஹார்ட் அட்டாக் கதை சொல்லிட்டு இருந்தீங்கன்னா, தனியா சுமக்காதீங்க, அங்க கேளுங்க.

ஸ்கூல் கவுன்சிலர் அக்கா:

நானும் அனுப்புங்கன்னுதான் சொல்லுவேன், ஆனா கொஞ்சம் பிரேக் போட்டு. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையனை அப்பா போய் ஆறே வாரத்துல ராத்திரி தங்கற ஒரு கேம்புக்கு அனுப்பினாங்க (எதுன்னு வேண்டாம்). முதல் ராத்திரியே வயித்து வலி, வாந்தி, அம்மாவுக்கு ஃபோன், விடிகாலைல போய்க் கூட்டிட்டு வந்தாங்க. கேம்ப் மேல தப்பில்ல, அந்தப் பிள்ளைக்கு அப்போ தேவையா இருந்தது ஒண்ணுதான், கண் முழிச்சா அம்மா பக்கத்துல இருக்கணும். அப்பா மாதிரி அம்மாவும் காணாம போயிடுவாளோன்னுதான் அவனுக்கு பயமே. அதனால சின்னவனுக்கு இந்த வருஷம் சார்ஜென்ட் சொன்ன மாதிரி ராத்திரி அம்மாகிட்ட வர்ற கேம்ப்தான் சரி, தங்கற கேம்பெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

காலண்டர் வட்டத்தை அப்படியே விடாதீங்க. அவனுக்கு சாவுன்னா என்னன்னு தெரியும், ஆனா டிப்ளாய்மென்ட்னா ஒம்பது மாசம்னு உடம்புல பழகியிருக்கு, ரெண்டும் ஒரே தலைக்குள்ள அடிச்சுக்குது. "அப்பா சாமிகிட்ட போயிருக்கார்", "தூரமா வேலைக்குப் போயிருக்கார்" இதெல்லாம் வீட்டுல யாரும் சொல்ல வேண்டாம், ஆர்மி வீட்டுப் பிள்ளைக்கு போனவர் திரும்பி வர்றதுதான் வழக்கம். "இறந்துட்டார், உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு, திரும்பி வர முடியாது" இப்படி நேரா, மெதுவா, பத்து தடவை கேட்டாலும் பத்து தடவை. பிள்ளைங்க துக்கம் விட்டு விட்டுப் பெய்யற மழை மாதிரி, அஞ்சு நிமிஷம் அழுவாங்க, உடனே டிவி ரிமோட் எங்கன்னு கேப்பாங்க, அதைப் பாத்து மறந்துட்டாங்கன்னு நினைக்காதீங்க. அவங்க மனசுக்குள்ள ஓடறது பெரும்பாலும் மூணு கேள்விதான், என்னாலதான் ஆச்சா, எனக்கும் ஆகுமா, இனிமே என்னை யார் பாத்துப்பா.

கேம்ப் மூணு நாலு நாள்தான். மிச்ச வருஷத்துக்கு வெட் சென்டர்னு (முன்னாள் படைவீரர், அவங்க குடும்பங்களுக்கான அரசு கவுன்சிலிங் மையம்) இருக்கு, டியூட்டில இருக்கும்போது போனவங்க குடும்பத்துக்கு அங்க கவுன்சிலிங் இலவசம், மனைவி, பிள்ளைங்க, அப்பா அம்மா எல்லாருக்கும். அத்தைக்கும் சேத்துதான் சொல்றேன், அவங்க பிள்ளையைப் பறிகுடுத்தவங்க, அவங்களை மாமியாரா மட்டும் பாக்காதீங்க. இன்னொண்ணு, பேஸ் வீட்டுல இருக்காங்கன்னா ஒரு வருஷம் வரைக்கும்தான் அங்க இருக்க முடியும், ஆகஸ்ட்ல வீடும் ஸ்கூலும் ஒண்ணா மாறும். பசங்களுக்கு அது ரெண்டாவது அடி. இப்பவே பேச ஆரம்பிங்க.

ஆஸ்டின் சித்தி:

எல்லாருக்கும் என்ன சொல்றதுன்னே தெரியல. மூணு நாளா அக்காவும் நானும் மாத்தி மாத்திப் படிச்சோம். வேலூர் அண்ணன் எழுதினதை அத்தைக்கு வாசிச்சுக் காமிச்சேன், நடுவுல எழுந்து அடுக்களைக்குப் போயிட்டாங்க. ராத்திரி அவங்களா வந்து "நானும் வரலாமான்னு கேளு"ன்னாங்க. கேட்டேன், பெத்தவங்களுக்கும் தனி குரூப் இருக்காம்.

யூனிட்ல இருந்து இதுவரைக்கும் நாலு கதை வந்திருக்கு. அதுல ஒண்ணு, கொரியால குளிர்ல அத்தான் ரசப்பொடியை வெந்நீர்ல கலக்கி பிளட்டூனுக்கே குடுத்தாராம், எல்லாரும் அதை ஏதோ மருந்துன்னு நினைச்சு குடிச்சாங்களாம். பெரியவ அதைப் படிச்சிட்டு சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே இருந்தவ அப்படியே அழுதுட்டா. ஆகஸ்டுக்கு அப்புறம் இதான் முதல் தடவை. தபால் வேலையை நான் வாங்கிக்கிட்டேன், வாரத்துக்கு ஒரு நாள் ஆஸ்டின்ல இருந்து போயிட்டு வர்றேன்.

அக்கா காலண்டரை எடுத்து வச்சு சின்னவன்கிட்ட பேசினா. "தெரியும்"னான். அப்புறம் எதுக்கு வட்டம்னு கேட்டதுக்கு, "தெரியும், ஆனா ஒம்பது மாசம் ஆகலையே இன்னும்"னான். வட்டத்தை அழிக்க வேண்டாம்னுட்டான். அதே கட்டத்துல கேம்ப்னு எழுதியிருக்கா, பதிஞ்சாச்சு.

சார்ஜென்ட் அண்ணா, ஒரு சந்தேகம். அந்த பட்டனுக்கு போட்டோ கேட்டிருக்காங்க. நாங்க எல்லாம் யூனிஃபார்ம்ல கொடி முன்னாடி நிக்கற போட்டோவை எடுத்து வச்சோம். சின்னவன் அது வேண்டாம்ங்கறான். அவன் எடுத்து வச்சிருக்கறது வீட்டுல எடுத்தது, அத்தான் லுங்கியோட அடுப்பு முன்னாடி தோசைக் கரண்டியைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கறார், ஒரு கண்ணு பாதி மூடியிருக்கு, ஓரத்துல என் கை வேற தெரியுது. இதை அனுப்பினா அங்க ஏதாவது நினைப்பாங்களா?

பழைய சார்ஜென்ட்:

அதையே அனுப்புங்க. கையை மட்டும் வெட்டிடுங்க.